காருக்கு மெழுகு பூசுவது எப்படி?

விடியற்காலை ஐந்தரை மணி. பெங்களூரில் அல்சூர், இந்திரா நகர், ஜெயநகர் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கையில் பக்கெட், தோளில் துணியோடு ஆண்களும் பெண்களும் கார் துடைத்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு காருக்கு மாதம் இவ்வளவு என்று சம்பளம். ஏழு, எட்டு கார் துடைத்தால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும். இவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் இருந்து வந்தவர்கள் உண்டு. பாட்டன் காலத்தில் இருந்து இங்கேயே இருப்பவர்களும் உண்டு.

கார் துடைப்பது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் காரில் ஒரு கீறல் விழட்டும். "நீதானே துடைத்தாய்?" என்ற கேள்வி முதலில் நம்மிடம்தான் வரும். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் வேலையே போய்விடும்.

அதே காருக்கு மெழுகு பூசத் தெரிந்தால்? மாதச் சம்பளத்துக்கு மேல் தனிக் கூலி கேட்கலாம். சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவருக்கு பெயின்ட் பல வருடம் கெடாமல் இருக்கும். இதற்கு மெஷின் வேண்டாம். இரண்டு மூன்று துணி, ஒரு டப்பா மெழுகு, இரண்டு மணி நேரம் போதும். ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். முறை தெரியாமல் செய்தால் கீறல் பழி மறுபடியும் நம் தலையில்தான் விழும்.

பெயின்டுக்கு மேல் என்ன இருக்கிறது?

காரின் உடம்பு பெரும்பாலும் இரும்புத் தகடு. தகடு துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதற்கும் மேல் நிறம். கடைசியாக நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும். இதைக் கிளியர் கோட் என்கிறார்கள். காரின் பளபளப்பு எல்லாம் இந்தக் கடைசிப் பூச்சில்தான் இருக்கிறது.

இது எவ்வளவு கனம் இருக்கும்? தலைமுடி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் அந்த ஒரு முடியின் கனம்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிசு. துணியில் ஒரு மணல் துகள் ஒட்டி இருந்தால் போதும். கோடு விழுந்துவிடும்.

பழைய அம்பாசடர், பியட் கார்களில் கிளியர் கோட் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சுதான். அம்பாசடர் தயாரிப்பு 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனாலும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கார்களை அழுத்தித் தேய்த்தால் காரின் நிறம் துணியில் ஏறும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். துணியில் ஏறுவது காரின் பெயின்ட் அல்லவா?

பெங்களூரில் காருக்கு என்ன கஷ்டம்?

சென்னையைப் போல உப்புக் காற்று இங்கே இல்லை. அந்த அளவுக்கு நம் ஊர்க் கார்கள் கொடுத்து வைத்தவை. ஆனால் பெங்களூரு மேட்டு நிலத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரம். காற்று குளிர்ச்சியாக இருக்கும். வெயில் சுடவில்லை என்று நாம் நினைப்போம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெயில் கதிர் பெயின்டைத் தாக்கிக்கொண்டே இருக்கும். தெருவில் நிற்கும் கார்களைப் பாருங்கள். முதலில் வெளுப்பது மேல் டாப்பும் பானெட்டும்தான்.

சரி, மர நிழலில் நிறுத்தலாமா? அங்கேயும் தொல்லை உண்டு. மரத்தில் இருக்கும் சிறு பூச்சிகள் இலைச் சாற்றை உறிஞ்சும். பிறகு பிசுபிசுப்பான துளிகளைக் கீழே விடும். காக்கை, புறா எச்சம் வேறு. எச்சம் காய்ந்து வெயிலும் பட்டால் பெயின்டை அரித்து அச்சு மாதிரி அடையாளம் விட்டுவிடும்.

அடுத்தது சிமென்ட் தூசி. ஒரு பக்கம் மாடி வீடு, ஒரு பக்கம் மெட்ரோ ரயில் பாலம். ஊரில் கட்டட வேலை நடக்காத தெரு எது? பானெட்டில் படியும் சிமென்ட் தூசியில் இரவுப் பனி பட்டால் இறுகிவிடும். அதைக் காய்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

போர் தண்ணீரும் ஒரு காரணம். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தத் தண்ணீர் காரின் மேல் அப்படியே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும்.

மெழுகு என்பது என்ன?

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதைப் பார்த்து இருப்பீர்கள். சேப்பங்கிழங்கு இலையிலும் அப்படித்தான். காரணம், அந்த இலைகளின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அந்த மெழுகுதான் தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ளுகிறது. காரின் மேல் நாம் பூசும் மெழுகும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெயில், எச்சம், தூசி எல்லாம் முதலில் மெழுகின் மேல் படும். மெழுகு தேயும். பெயின்ட் தப்பிக்கும்.

கடையில் கிடைக்கும் கார் மெழுகு, ஷூ பாலிஷ் போலத் தட்டையான டப்பாவில் இருக்கும். செய்முறையும் ஏறக்குறைய ஷூ பாலிஷ் மாதிரிதான். கெட்டியான மெழுகை எடுத்து, ஆவியாகிப் போகும் ஒரு எண்ணெயில் கலக்குவார்கள். முன்பு டர்பன்டைன் கலந்தார்கள். இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் எண்ணெய். அந்த எண்ணெய் இருப்பதால்தான் மெழுகு குழைந்து துணியில் வருகிறது. காரில் பூசியதும் எண்ணெய் ஆவியாகிவிடும். மெழுகு மட்டும் நிற்கும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். பின்னால் சொல்லப் போகும் பல காரியங்களுக்கு இதுதான் காரணம்.

அந்தக் கெட்டி மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிரேசில் நாட்டில் இருந்து. அங்கே வடகிழக்குப் பகுதியில் கார்னாபா என்று ஒரு பனை இருக்கிறது. நம் பனைமரம் போலவே அதற்கும் விசிறி ஓலை. அது மழை குறைந்த வறண்ட பூமி. ஓலையில் உள்ள ஈரம் வெயிலில் போய்விடாமல் இருக்க, மரமே ஓலையின் மேல் மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஓலையை வெட்டிக் காயப்போட்டு அடிப்பார்கள். மெழுகு தூளாக உதிரும். அதை உருக்கிக் கட்டியாக்கி உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகவும் இதே மெழுகு போகிறது.

ஓலை வெட்டுவது கடுமையான வேலை. அந்தத் தோப்புகளில் கூலிகளை அடிமைபோல நடத்துகிறார்கள் என்று 2017ஆம் ஆண்டில் ஜெர்மனித் தொலைக்காட்சி ஒன்று படம் பிடித்துக் காட்டியது. நாம் விரலில் தொடும் அந்த மெழுகுக்குப் பின்னால் அப்படியும் ஒரு கதை இருக்கிறது.

ஏன் இந்த மெழுகு? தேன்மெழுகு போதாதா? தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிச் சூட்டில் உருகிவிடும். கறுப்புக் கார் ஒன்று வெயிலில் நின்றால் அதன் மேல்தகடு 60 டிகிரியைத் தாண்டும். தேன்மெழுகு இளகிவிடும். கார்னாபா மெழுகு உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் காருக்கு இது ஏற்றது.

மெழுகு வேறு, பாலிஷ் வேறு

இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

ரப்பிங் காம்பவுண்டு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் மிக நுண்ணிய மணல் போன்ற பொடி இருக்கும். அது பெயின்டைத் தேய்த்து எடுக்கும். கீறலைச் சுற்றி உள்ள இடத்தையும் தேய்த்துச் சமமாக்கும். அதனால் கீறல் மறைந்தது போலத் தெரியும். பாலிஷ் என்று விற்பவை பலவற்றிலும் இந்தப் பொடி கொஞ்சம் இருக்கும். மெழுகு எதையும் எடுக்காது. மேலே ஒரு படலமாக உட்காரும்.

தலைமுடி கனம்கூட இல்லாத பூச்சு என்று முன்னே சொன்னோம். மாதா மாதம் அதைக் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? முதலில் ஜொலிக்கும். முதலாளி மகிழ்ச்சி அடைவார். போகப் போகக் கதவு ஓரத்திலும் பானெட் மடிப்பிலும் பூச்சு போய்விடும். பிறகு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே கடையில் வாங்கும்போது மெழுகுதானா என்று கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் கார் சாமான்களுக்கு ஜே.சி. ரோடு பேர் போனது. அங்கே "பேஸ்ட் வேக்ஸ்" என்று கேட்டால் கொடுப்பார்கள். "இதில் காம்பவுண்டு கலந்து இருக்கிறதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய கார் என்றால் கொஞ்சம் கலந்தது பரவாயில்லை. புதுக் காருக்கு வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பளபளப்புக்காக மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைப்பது. துடைத்த அன்றைக்கு மினுக்கும். மறுநாள் அந்தப் பிசுக்கில் ஊர்த் தூசி எல்லாம் வந்து ஒட்டும். இதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

முதலில் கழுவ வேண்டும்

அழுக்குக் காரின் மேல் மெழுகு பூசக் கூடாது. அழுக்கையும் சேர்த்துத் தேய்த்ததாக ஆகும்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது? இதில் எச்சரிக்கை வேண்டும். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வருகிறது. மேட்டில் ஏற்றி, பம்ப் செய்து கொண்டு வருகிறார்கள். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். அப்போது குடிநீர் வாரியம் ஒரு உத்தரவு போட்டது. குடிநீரில் கார் கழுவக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அந்த மாதமே 22 வீடுகளுக்கு அபராதம் விழுந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் அதேபோல உத்தரவு வந்தது. அபராதம் வீட்டுக்காரர் பேரில் வரும். திட்டு யாருக்கு விழும் என்று சொல்ல வேண்டியது இல்லை. ஆகவே ஹோஸ் குழாயைத் தொடாதீர்கள். பல அடுக்குமாடிகளில் சுத்திகரித்த தண்ணீர்க் குழாய் தனியாக இருக்கும். எது அந்தக் குழாய் என்று காவல்காரரிடம் கேட்டு வையுங்கள்.

இரண்டு பக்கெட் போதும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் மக்கால் தண்ணீர் ஊற்றித் தூசியை ஊற விடுங்கள். துணியை ஷாம்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, மறுபடி ஷாம்புத் தண்ணீருக்குப் போங்கள். மண் எல்லாம் வெறும் தண்ணீர்ப் பக்கெட்டில் தங்கிவிடும். மேலே இருந்து கீழே வர வேண்டும். டாப், கண்ணாடி, பானெட், டிக்கி, கதவு. கதவின் அடிப்பாகம் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி. அந்தத் துணி காரின் வேறு எந்த இடத்திலும் படக் கூடாது.

துணி துவைக்கும் சோப்புத் தூள் போடாதீர்கள். அது முன்பு பூசிய மெழுகையும் கரைத்துவிடும்.

கழுவியதும் ஒட்டத் துடையுங்கள். மடிப்புகளில் தண்ணீர் நிற்கும். கண்ணாடி ஓரம், கைப்பிடி, நம்பர் பிளேட் பின்புறம் எல்லாம் பாருங்கள். மெழுகு பூசும்போது அங்கிருந்து சொட்டினால் எல்லாம் வீண்.

இப்போது ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். சொரசொரப்பு இருந்தால் சிமென்ட், மரப்பிசின் ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். ஈரத் துணியை அந்த இடத்தில் பத்து நிமிடம் போட்டு ஊற வையுங்கள். பிறகு மெல்ல எடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

இனி மெழுகு

வேலையைத் தொடங்கும் முன்பு உங்கள் கையைப் பாருங்கள். மோதிரம், வளையல், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். பெல்ட் பக்கிள் பானெட்டில் உரசும். அதையும் கவனியுங்கள். புடவையில் ஊக்கு இருந்தால் அதையும்.

கார் நிழலில் நிற்க வேண்டும். தகடு குளிர்ந்து இருக்க வேண்டும். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். இதமான குளிர்ச்சி தெரிந்தால் ஆரம்பிக்கலாம். அப்போதுதான் ஓடி வந்த காரின் பானெட் சூடாக இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். காலை ஆறில் இருந்து ஒன்பதுக்குள் செய்வது நல்லது.

எங்கள் மாலை வகுப்பில் சேர்ந்த ஒரு தம்பி நடுப்பகல் வெயிலில் ஒரு காருக்கு மெழுகு போட்டார். முழுக் காரிலும் ஒரே மூச்சில் பூசிவிட்டார். தகட்டுச் சூட்டில் எண்ணெய் உடனே ஆவியாகிவிட்டது. மெழுகு காய்ந்து பிடித்துக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை. பலம் போட்டுத் தேய்த்தார். கறுப்புக் கார் வேறு. வட்ட வட்டமாகக் கோடு விழுந்துவிட்டது. இரண்டு மாதச் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். அவர் சோம்பல்படவில்லை. வேலையை ஏமாற்றவில்லை. நிழலில் செய் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது பூசும் முறை. பழைய பனியன் துணி நல்லது. தையலும் பட்டனும் இல்லாத பகுதியாக வெட்டிக்கொள்ளுங்கள். மெழுகு டப்பாவோடு வரும் பஞ்சுத் தட்டையும் உபயோகிக்கலாம். பனியன் துணியைக் கொஞ்சம் நனைத்து, ஒட்டப் பிழிந்து, உள்ளங்கை அளவுக்கு மடியுங்கள். டப்பாவில் மெல்லத் தொட்டு எடுங்கள். நிலக்கடலைப் பருப்பு அளவு போதும்.

தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது எப்படி? வெங்காயத்தை வெட்டி, எண்ணெயில் தொட்டு, கல் முழுவதும் மெல்லிசாகத் தேய்ப்போம். எண்ணெய் இருப்பதே தெரியாது. ஆனால் தோசை ஒட்டாது. காருக்கு மெழுகும் அப்படித்தான். பூசியது மங்கலாகப் புகை படிந்தது போலத் தெரிந்தால் சரியான அளவு. வெண்ணெய் தடவியது போலத் தெரிந்தால் அதிகம். அதிகம் பூசினால் அதிகம் பளபளக்கும் என்று நினைப்பது தவறு. பெயின்டைத் தொடுகிற மெல்லிய படலம்தான் நிற்கும். மீதி எல்லாம் துடைக்கும் துணியோடு போய்விடும். காசும் வீண், கையும் வலிக்கும். ஒரு சிறிய காருக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி மெழுகுக்கு மேல் ஆகாது.

ஒரே நேரத்தில் முழுக் காருக்கும் பூச வேண்டாம். பாதி பானெட் பூசுங்கள். பிறகு மீதிப் பாதி. அதற்குள் முதல் பாதி காய்ந்து இருக்கும். வட்டமாகத் தேய்ப்பதா, நேராகத் தேய்ப்பதா என்று டிரைவர்கள் இடையே பெரிய விவாதமே நடக்கும். நேர்கோடாகத் தேய்ப்பதே என் கட்சி. தப்பித் தவறி மணல் இருந்து கோடு விழுந்தாலும் நேர்கோடு கண்ணை உறுத்தாது. வட்டக் கோடு வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரியும்.

எப்போது துடைப்பது? ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். மழை ஈரம் உள்ள நாளில் இன்னும் கூடும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். பூசிய இடத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று தெரிந்தால் காய்ந்துவிட்டது. மெழுகு இழுபட்டுக் குழைந்தால் இன்னும் பொறுங்கள்.

துடைக்க வேறு துணி வேண்டும். மைக்ரோ ஃபைபர் துணி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. டிரைவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் துணியும், புதிதாக, மெத்தென்று இருந்தால் ஆகும். துணியை நாலாக மடியுங்கள். அழுத்தாமல் துடையுங்கள். ஒரு பக்கம் மெழுகு ஏறியதும் மறுபக்கம் திருப்புங்கள். கடைசியில் இன்னொரு சுத்தமான துணியால் ஒரு முறை மெல்லத் துடையுங்கள். அப்போதுதான் உங்கள் முகம் பானெட்டில் தெரியும்.

ஓரிடத்தில் மெழுகு பிடித்துக்கொண்டு வரவில்லையா? பலம் போட வேண்டாம். அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் மெழுகு பூசி உடனே துடையுங்கள். புது மெழுகில் உள்ள எண்ணெய் பழையதை இளக்கிவிடும். அந்தத் தம்பிக்கு அன்றைக்கு இது தெரிந்து இருந்தால், காரை நிழலுக்குத் தள்ளி வைத்துச் சமாளித்து இருக்கலாம்.

கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர், ரப்பர் பட்டை, முன் கண்ணாடி ஆகியவற்றில் மெழுகு பட வேண்டாம். பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகக் கறை நிற்கும். பட்டுவிட்டால் பழைய டூத் பிரஷ்ஷில் ஷாம்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கண்ணாடியில் பட்டால் வைப்பர் ஓடும்போது மங்கலாகும்.

கொஞ்சம் ஜாக்கிரதை

டப்பாவில் நெருப்புப் படம் போட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள எண்ணெய் தீப்பிடிக்கும் என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. காற்று இல்லாத தரைக்கீழ் பார்க்கிங்கில் வெகு நேரம் செய்தால் தலை சுற்றும். காற்று வரும் இடமாகப் பாருங்கள். மெழுகுத் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காய வையுங்கள். கையில் புண் இருந்தால் உறை மாட்டுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டப்பாவை மூடி வைக்காவிட்டால் மெழுகு கல்லாக இறுகிவிடும். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எத்தனை நாள் நிற்கும்?

இரண்டு மாதம் நின்றால் நல்லது. தெருவில் வெயிலில் நிற்கும் காருக்குக் குறையும். ஷெட்டில் நிற்பதற்குக் கூடும். தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பானெட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பாய் விரித்தது போலப் பரவினால் மெழுகு போய்விட்டது. மறுபடி பூச வேண்டும்.

மெழுகு இருக்கும்போது தினசரி வேலையும் குறையும். மேலே ஒட்டாத தூசி லேசில் போய்விடும். தண்ணீரும் குறைவாகச் செலவாகும். ஆனால் எச்சத்தை மட்டும் அன்றன்றே எடுங்கள். மெழுகு கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

ஒர்க்ஷாப்பில் புதிதாகப் பெயின்ட் அடித்த காருக்கு உடனே பூசாதீர்கள். பெயின்ட் உள்ளே காய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். பெயின்ட் அடித்தவரிடமே கேளுங்கள். இப்போது செராமிக் கோட்டிங் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து போடுகிறார்கள். அது போட்ட காராக இருந்தால் முதலாளியைக் கேட்காமல் மெழுகு பூச வேண்டாம்.

ஆயுத பூஜை நாட்களில்

பெங்களூரில் கார் மெழுகுக்கு நல்ல கிராக்கி உள்ள நாள் ஆயுத பூஜை. ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துவிடுவார்கள். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். முடியாத வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அவசரத்தில்தான் நிழலும் மறக்கும், மோதிரமும் மறக்கும். கையால் செய்தால் காலையில் ஒரு கார், நிழல் இருந்தால் மாலையில் ஒரு கார். அவ்வளவுதான் ஒழுங்காக முடியும்.

மெழுகு பூசிய பிறகு பூஜை நடந்தால் நல்லது. சந்தனமும் குங்குமமும் நேராகப் பெயின்டில் படாது. ஆனாலும் அன்று மாலையே ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். குங்குமம் வெள்ளைக் காரில் கறை விடும். எலுமிச்சைச் சாறும் தகட்டில் காயக் கூடாது. மாலை கட்டிய நூல், ஒட்டிய டேப் எல்லாம் அவிழ்க்கும்போது கத்தி வைத்து அறுக்காதீர்கள்.

கூலியை வேலைக்கு முன்பே பேசுங்கள். மெழுகு யார் வாங்குவது என்பதையும் பேசுங்கள். இன்னொன்று. வேலை தொடங்கும் முன்பு முதலாளியோடு காரைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை அவருக்குக் காட்டுங்கள். பிறகு ஒரு நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

தேதி.
கார் நம்பர்.
இடது பின் கதவில் ஒரு விரல் நீளக் கீறல். முன் பம்பரில் பழைய உரசல்.
மெழுகு பூசியது. கூலி வாங்கியது.

முதலாளி அதில் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. மறுபடி எப்போது மெழுகு பூச வேண்டும் என்பதும் இந்தத் தேதியைப் பார்த்தால் தெரியும். இரண்டு மாதம் ஆனதும் தண்ணீர் தெளித்துக் காட்டி நீங்களே கேட்கலாம்.